எட்டுமாத் தரிசில் ஒரு கோல்ஃப் கொடி

1972ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இருபதாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் மூடுபனி, எட்டு மணிக்குள் விலகிவிட்டது. பகல் முழுவதும் வானில் மேகமில்லை. மாலை நான்கு மணிக்குக் கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து, வழக்கத்தைவிடச் சற்று வலுவாக வீசியது. பள்ளி நாட்குறிப்பில் அன்றாட வானிலையைக் குறித்துவைப்பது அக்காலத்தில் என் பொறுப்பு. ஆகவே இவற்றை நினைவை நம்பி எழுதவில்லை.

ஐந்து மணிப் பேருந்து திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்து, சென்னையின் ஆங்கில நாளிதழைப் பள்ளி வாசலில் போட்டுவிட்டுப் போனது. சிறிது நேரத்தில் வைரக்கண்ணு ஓடிவந்தார். நாற்பத்து நான்கு வயதுக்காரர் ஓடக்கூடிய ஓட்டமன்று அது.

“வந்துடுச்சா சார்?”

“வந்துடுச்சு. மொதல்ல மூச்சு விடுங்க.”

“மூச்சு கெடக்குது சார். கடைசிக்கு முந்தின பக்கம், அடியில பாருங்க.”

பார்த்தேன். குதிரைப் பந்தய முடிவுகளுக்கும் ஹாக்கிச் செய்திக்கும் இடையே மூன்றே வரிகள். கிழக்காசிய நாடொன்றில் நடந்த தொழில்முறை கோல்ஃப் பந்தயத்தில், நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில், மலேசியாவைச் சேர்ந்த லிம் என்பவர் பந்தை மற்றவரைவிட ஒரே ஒருமுறை குறைவாக அடித்து வென்றார் என்பது செய்தி. தமிழில் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன். பின்னர் லிம் என்னும் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆயினும் நான் விரல்வைத்துக் காட்டிய இடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஒரே பெஞ்சில உக்காந்திருந்தோம் சார், நாங்க ரெண்டு பேரும்” என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

அவர் வரும்போதெல்லாம் ஓர் இரும்பு மட்டையையும், நுனியில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு மூங்கில் கொம்பையும் கொண்டுவருவது வழக்கம். அன்று மட்டை மட்டுமே இருந்தது. கொம்பு இல்லை என்பதைக் கண்டேன்; ஏன் என்று கேட்கவில்லை.

கீழாலடியின் தெற்குத் தெருவில், தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்த குடும்பமொன்றில் 1928ஆம் ஆண்டு பிறந்தவர் வைரக்கண்ணு. ஒன்பதாம் வயதில் தந்தையுடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்றார். தந்தைக்கு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை. மகனுக்கு, தோட்டத் துரைமார் கோல்ஃப் ஆடும் சங்கத்தில், ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கும் வேலை. அவ்வேலையைச் செய்பவருக்குக் ‘கேடி’ என்று பெயர். முப்பது ஆண்டுகள் அதனைச் செய்தார். பந்து எங்கே விழும், காற்று அதனை எவ்வளவு தள்ளும், எத்தனையாம் எண் மட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அவர் அறிந்திருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்காமல் துரைமார் அடிப்பதில்லையாம்.

கேடிகளுக்கென்று அங்கே ஒரு தகரக் கொட்டகையும், அதில் ஒரு நீண்ட பெஞ்சும் இருந்தன. அப்பெஞ்சில் வைரக்கண்ணுவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த சீனர்தாம் லிம். துரைமார் வராத நாள்களில் இருவரும் ஒடிந்த மட்டைகளைக் கொண்டு ஆடிப் பழகினர். ஒருவருடைய சோற்றுப் பாத்திரத்தில் மற்றவர் கைவைத்து உண்டனர். பின்னர் லிம் தொழில்முறை ஆட்டக்காரராகி நாடு நாடாகச் சென்றார். வைரக்கண்ணு பெஞ்சிலேயே இருந்தார். பொறாமை இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

“பை தூக்குனவன் கையில மட்டை வந்துச்சே சார். அது யாரு கையா இருந்தா என்ன?” என்றார்.

1969க்குப் பின், அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. அடுத்த ஆண்டே மனைவி அம்சத்துடன் ஊர் திரும்பினார். ஓர் இரும்பு மட்டை, நான்கு வெள்ளைப் பந்துகள், இரண்டு பெட்டித் துணிமணிகள். சித்தப்பா மகள் ராசம்மாளும் அவர் கணவர் ஐயாவுவும் தங்கள் வீட்டை ஒட்டி அவர்களுக்குக் குடிசை போட இடங்கொடுத்தனர். ஊரில் அவரை அடையாளம் கண்டவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

பகலில் கூலி வேலை. திங்கட்கிழமைதோறும் மாலையில் பள்ளிக்கு வருவார். ஞாயிறன்று முடியும் பந்தயங்களின் முடிவுகள் திங்கட்கிழமை இதழில்தான் வரும் என்பதை அவரே எனக்குச் சொன்னார். பல வாரங்களில் ஒரு வரியும் இராது. இருக்கும் வாரங்களில், நான் படித்துச் சொன்ன எண்களைக் கொண்டு, பள்ளி முற்றத்து மணலில் குச்சியால் கோடு கிழித்து, எந்தக் குழியில் யார் தடுமாறியிருப்பார் என்று விளக்குவார். எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியராகிய எனக்கு அவ்விளக்கம் பெரும்பாலும் விளங்கியதில்லை. அவர் முகம் அப்போது இருந்த விதம் மட்டும் விளங்கியது.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர் துரைராசு. நில உச்சவரம்பு பதினைந்து ஏக்கராகக் குறைக்கப்பட்டதும், மிகுதியை உறவினர் பெயர்களில் பிரித்து எழுதினார். எட்டுமா என்று வழங்கப்பட்ட வயல், மாயூரத்திலிருந்த அவருடைய கொழுந்தியாள் பெயருக்குப் போயிற்று. அதில் யாரேனும் பயிரிட்டால் குத்தகைப் பதிவேட்டில் பயிரிட்டவர் பெயர் ஏறிவிடும் என்று அஞ்சி, சம்பா அறுவடைக்குப் பின் ஒருவரையும் உளுந்து தெளிக்க விடவில்லை. சுற்றிலும் உளுந்து பச்சையாக நிற்க, எட்டுமா மட்டும் அறுத்த தாளுடன் தரிசாகக் கிடந்தது.

வைரக்கண்ணு கோல்ஃப் ஆடியது அங்கேதான். வயலின் நடுவில் ஒரே ஒரு குழி. நான்கு மூலைகளில் மாறி மாறி நின்று அக்குழியை நோக்கி அடிப்பார். குழியை அடையாளம் காண மூங்கில் கொம்பில் அம்சத்தின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டி நடுவார். பொழுது சாயுமுன் கொம்பைப் பிடுங்கி, குழியின் மேல் ஒரு மண்கட்டியை வைத்து மூடிவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அடுத்தவர் நிலத்தில் ஆடியதற்கு அடையாளம் இருக்கக்கூடாது என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை.

ஐயாவு வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். நானும் இரண்டொரு முறை போயிருக்கிறேன்.

“மச்சான், பந்த அடிச்சிட்டு நீங்களே போயித் தேடுறீங்க. அதுக்கு அடிக்காமலே மடியில கட்டிக்கிட்டா என்ன?” என்பார் ஐயாவு.

“அடிச்சாத்தான் மாப்ளே ஆட்டம்.”

“மலாயாவுல இதுக்குச் சம்பளம் வேற குடுத்தானா?”

“ஆடுறதுக்கு இல்ல. பை தூக்குறதுக்கு.”

“கேட்டீங்களா வாத்தியாரய்யா? நாங்க நெல்லு மூட்டை தூக்குறோம். கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டா அடிக்க வர்றான். அங்க பையத் தூக்குனா சம்பளம்! ஆனா மச்சான், கேடியா இருந்தேன்னு மட்டும் வெளியில சொல்லிராதீங்க. ஸ்டேஷன்ல பேரு எழுதிக்குவான்.”

ஐயாவு விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர். கூட்டங்களுக்குப் போவார், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் உறங்கிவிடுவார். அவ்வளவே. ஆயினும் காலத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். அவ்வாண்டுகளில் எங்கள் வட்டத்தின் பல ஊர்களில், பிறர் பெயரில் மறைத்துவைக்கப்பட்ட நிலங்களில் தொழிலாளர்கள் செங்கொடி நட்டு இறங்கியிருந்தனர். ஒரு வயலில் சிவப்புத் துணி பறந்தால் அதற்கு ஒரே பொருள்தான். துரைராசுவின் காரியக்காரர் பஞ்சநதம், நாள்தோறும் விடியற்காலையில் ஆள்களுடன் வயல்களைச் சுற்றிவந்தது அதற்காகவே.

“துணிய மாத்துங்க மச்சான். வெள்ளை கட்டுங்க.”

“வெள்ளை வெயில்ல தெரியாது மாப்ளே. கொக்கு நிக்குதா, கொடி நிக்குதான்னு சந்தேகம் வந்துரும். செவப்புதான் தூரத்துக்குத் தெரியும்.”

“அதத்தான் நானும் சொல்றேன். தூரத்துக்குத் தெரியும்.”

வைரக்கண்ணு சிரித்தார். முப்பது ஆண்டுகள் கொடிகளுக்கிடையே நடந்தவர். அங்கே சிவப்புக் கொடி குழியைக் காட்டியதேயன்றி வேறொன்றையும் காட்டியதில்லை.

மார்ச்சு 21ஆம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்றும் மூடுபனி. ஐயாவு ஆட்டுக்குப் புல்லறுக்க அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்து நடந்ததைக் கண்டவர் ஒருவரே: வாய்க்கால் கரையில் சாணம் பொறுக்கிக்கொண்டிருந்த கண்ணாத்தாள். எட்டுமாவின் நடுவில் ஐயாவு இரு கைகளாலும் கொடிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்றும், பஞ்சநதமும் ஐந்து ஆள்களும் வரப்பிலிருந்து இறங்கி ஓடினர் என்றும், ஐயாவு ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார் என்றும், பிறகு தடிகளின் ஓசை மட்டுமே கேட்டது என்றும் அந்த அம்மையார் சொன்னார். மாட்டுவண்டியில் ஏற்றித் திருத்துறைப்பூண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஐயாவுவின் உயிர் பிரிந்தது.

வைரக்கண்ணு ஏழு மணிக்குக் கொம்பை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் ராசம்மாளின் அலறலைக் கேட்டார்.

ஐயாவு செங்கொடி நட்டதாகவே ஊர் பேசியது. நான்காம் நாள் மாலை வைரக்கண்ணு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“அவரு நடல சார். பிடுங்குனாரு. என் கொடின்னு தெரிஞ்சு, பஞ்சநதம் பாக்கறதுக்குள்ள எடுத்துடலாம்னு எறங்கியிருக்காரு. நான் சொல்லிடறேன் சார். ராசம்மாகிட்ட சொல்லிடறேன், போலீசுகிட்ட சொல்லிடறேன்.”

நான் அவரைச் சங்கச் செயலாளர் இராஜாங்கத்திடம் அழைத்துச்சென்றேன். இராஜாங்கத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது, நேர்மையானவர், நான்கு இரவுகளாக உறங்காதவர். முழுவதையும் கேட்டார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கோர்ட்டுல போயி, அது வெளாட்டுக் கொடின்னு சொல்வீங்க. என்ன வெளாட்டும்பான். கோல்ஃபும்பீங்க. கூலிக்காரன் கோல்ஃப் ஆடுனான்னு எவன் நம்புவான்? சிரிப்பான். ஐயாவு அண்ணன் செத்தது சிரிப்பாப் போயிடும்.”

“அவரு நடலையே தம்பி.”

“நட்டதாவே இருக்கட்டும்ணே. புல்லறுக்கப் போனவரு அடிபட்டுச் செத்தாருன்னா நாலு நாளையில மறந்துடுவான். கொடி நட்டுச் செத்தாருன்னா மறக்க முடியாது. அப்பறம் இன்னொண்ணு. நட்டது நீங்கதான்னு தெரிஞ்சா பஞ்சநதம் உங்கள விட்டுவப்பானா? ராசம்மா அக்காவுக்கு இனிமே இருக்கறது நீங்க ஒருத்தருதான்.”

வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக அதனைச் சொல்லிவந்தவன் நான். அன்று சொல்லவில்லை.

வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. அத்துணி சான்றுப்பொருளாக வைக்கப்பட்டது. சங்கத்தின் கொடியில் இருக்க வேண்டிய சின்னம் அதில் இல்லை. ஏன் இல்லை என்று எத்தரப்பு வழக்குரைஞரும் கேட்கவில்லை. இரு தரப்பாருக்கும் அது செங்கொடியாகவே தேவைப்பட்டது. தங்கள் பொறுப்பிலிருந்த நிலத்தில் கொடி நடப்பட்டதைக் கண்டு எழுந்த திடீர் ஆத்திரம் என்னும் வாதம் எடுபட்டது. ஆள்களில் இருவருக்கு மூன்றாண்டுச் சிறை. பஞ்சநதம் விடுதலையானார். அத்தீர்ப்பின் மூன்று பத்திகளில் அந்தக் கொடி பேசப்பட்டிருந்தது. வைரக்கண்ணு கேட்டதால் அவற்றைத் தமிழில் சொன்னேன். கோல்ஃப் செய்தியைக் கேட்பதுபோலவே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

அதன் பின்னர் அவர் மட்டையைத் தொடவில்லை. அதனை என்ன செய்தார் என்பதை நான் அறியேன். எனினும் திங்கட்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை.

“சேதி கேக்காம இருக்க முடியல சார். கேட்டா அன்னைக்கு ராத்திரி தூங்க முடியல” என்றார்.

நான் படிப்பேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்துவார்.

“துணி அடிக்கிற சத்தம் கேக்குதா சார்?”

இலை அசையாத சித்திரை வெயிலிலும் அவ்வாறு கேட்டிருக்கிறார். சுற்றுவட்டத்தில் கொடி ஏதும் இராது. எனக்கு ஒன்றும் கேட்டதில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னேன். சில ஆண்டுகளுக்குப் பின், அவர் கையை உயர்த்துமுன்பே நானும் காது கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

லிம் அதன் பிறகு எப்பந்தயத்திலும் முதலிடம் பெறவில்லை. பத்தாவது, இருபத்தோராவது என்று இறங்கி, ஒருநாள் பட்டியலிலிருந்தே மறைந்துபோனார். அந்த ஒரே வெற்றியை வைரக்கண்ணு மீண்டும் ஒருமுறையேனும் குறிப்பிட்டுக் கேட்டதில்லை.

எட்டுமா பின்னர் உபரி நிலமாக அரசால் எடுக்கப்பட்டு, நிலமற்றவர்களுக்குப் பிரித்து வழங்கப்பட்டது. ராசம்மாளுக்கு ஓர் ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. நடவுக் காலத்தில் வைரக்கண்ணு நாற்றுமுடிகளைச் சுமந்து வரப்புவரை வருவார். அங்கிருந்து ஒவ்வொன்றாக வயலுக்குள் வீசுவார். வீசிய முடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். ஆனால் வயலில் கால் வைக்க மாட்டார். வயலைக் கடக்க வேண்டுமானால் வாய்க்கால் கரையோடு அரைக் கல் தொலைவு சுற்றிப்போவார். மலாயாவில் இருந்தவருக்குச் சேறு பிடிக்காது என்று பெண்கள் கேலி செய்தனர்.

வயலின் மூலையில் சங்கம் ஒரு தூண் எழுப்பியது. ஆண்டுதோறும் மார்ச்சு 21ஆம் நாள் காலையில் அங்கே கொடியேற்றுவர்; ராசம்மாள் முன்வரிசையில் நிற்பார். மாலையில் கொடியை இறக்கி மடிக்கும் வேலையை வைரக்கண்ணு கேட்டு வாங்கிக்கொண்டார். பொழுது சாயுமுன் இறக்கிவிடுவார். ஓராண்டு, கொடி மூன்று நாள் பறக்கட்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தனர். மாலையில் எல்லாரும் கலைந்த பின்னும் வைரக்கண்ணு தூணடியில் நின்றார். “எறக்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன் தம்பி. ராவு பூரா நிப்பேன்” என்று இராஜாங்கத்திடம் சொன்னார். இறக்கினர். அவருடைய பக்தியை ஊர் வியந்து பேசியது.

1995ஆம் ஆண்டு தேநீர்க் கடைக்குக் கேபிள் தொலைக்காட்சி வந்தது. ஒருநாள் காலையில் தற்செயலாக அதில் கோல்ஃப் ஓடிக்கொண்டிருந்தது.

“தாத்தா, இது என்ன ஆட்டம்? அரை மணி நேரமாப் பாக்கறேன், ஒருத்தனும் ஓட மாட்டேங்கிறான்” என்றார் கடையில் இருந்த ஓர் இளைஞர்.

“ஓடக்கூடாது தம்பி. ஓடினா கை பதறும். அந்தா, அவன் எடுக்கிறான் பாரு, அது தப்பான மட்டை. பந்து மணல்ல போயி விழும்.”

பந்து மணலில் விழுந்தது. கடையே கைதட்டியது. அடுத்தவரையும் சொல்லச் சொன்னார்கள், சொன்னார். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். அப்போது திரையில் குழி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. குழியில் கொடி, சிவப்புக் கொடி. காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை கடைமுழுவதும் கேட்டது. வைரக்கண்ணு தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பாதிக் குவளை அப்படியே இருந்தது.

1997இல் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுநாளுக்குத் தூணில் கல்வெட்டுப் பதிக்க முடிவாயிற்று. பிழையில்லாத தமிழ் வேண்டுமென்று, ஓய்வு பெற்றிருந்த என்னிடம் வாசகம் எழுதும் பணியை இராஜாங்கம் ஒப்படைத்தார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார். மார்ச்சு 16, ஞாயிற்றுக்கிழமை, ராசம்மாளுக்குப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவது. மறுநாள் கல்தச்சரிடம் கொடுப்பது.

அன்று காலையில் வைரக்கண்ணு என் வீட்டுக்கு வந்தார். வயது அறுபத்தொன்பது. அம்சம் காலமாகி ஆறாண்டுகள் ஆகியிருந்தன. இருவேளை உணவும் ராசம்மாள் வீட்டில்தான்.

“கல்லுல வெட்டப் போறீங்க சார். வாயால சொன்னது காத்துல போயிடும். கல்லு போவாது.”

“நீங்க சொல்றதா இருந்தா நான் பக்கத்துல நிக்கறேன்” என்றேன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சொன்னேன்.

“சொன்னேன்னா, அந்த வீட்டுல நாளைக்கு எனக்குத் தண்ணி கெடைக்குமான்னு தெரியல. ஊருல மருவாதையா இருக்கு அது. தியாகி பொண்டாட்டின்னு பேரு. என் வெளாட்டாலதான் புருஷன் செத்தான்னு கேட்டா அது என்னாவும்? சொல்லலேன்னா…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு ராசம்மாள் வீட்டில் கூடினோம். அவரும் இராஜாங்கமும் நானும் பாயில் உட்கார்ந்தோம். வைரக்கண்ணு உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் படித்தேன்: “உழுபவர்க்கே நிலம் என்னும் கொள்கைக்காக, எட்டுமா வயலில் செங்கொடி நட்டு, நட்ட கையோடு உயிர்நீத்த தோழர் ஐயாவு.”

“நல்லாருக்குல்ல அக்கா?” என்றார் இராஜாங்கம்.

ராசம்மாள் தாளைப் பார்த்தார்.

“நட்டாருன்னு போடாதீங்க.”

“ஏன்க்கா?”

“அவரு நடல. பிடுங்கத்தான் போனாரு.”

ராசம்மாள் யாரையும் பார்க்காமல், வயல்வேலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“அன்னைக்குக் காலையில அருவாள எடுத்துக்கிட்டே எங்கிட்ட சொன்னாரு. ‘நேத்து ஒங்கண்ணன் கொம்பு இல்லாம வந்தாரு. யாரோ கூட்டாளி ஜெயிச்சிட்டான்னு குதிச்சிக்கிட்டு வந்தாரு, அந்தச் சந்தோஷத்துல நான் கேக்காம விட்டுட்டேன். விட்டுட்டுத்தான் வந்திருக்கணும். பஞ்சநதம் சுத்தி வர்றதுக்குள்ள போயிப் பிடுங்கிட்டு வந்துடறேன்’னாரு. போனாரு.”

“இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லல?” இராஜாங்கத்தின் குரல் அடங்கியிருந்தது.

“சொன்னா அண்ணன அடிச்சுப் போட்டிருப்பானுவ. ஒருத்தரக் குடுத்தாச்சு. ரெண்டு பேரையும் குடுக்கச் சொல்றியா? அப்பறம் நீங்கள்லாம் தூணு கட்டுனீங்க. அவ்வளவு சனத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு என்னான்னு சொல்றது? வருஷா வருஷம் கால் கடுக்க நின்னேன். இப்ப கல்லுல வேற வெட்டணும்கிறீங்க. வேணாம். பேரும் தேதியும் போடுங்க, போதும்.”

வைரக்கண்ணு கைகளைக் கூப்பினார்.

“கும்புடாதீங்கண்ணே. எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல. இருந்தா இத்தனை வருஷம் சோறு போட்டிருப்பேனா? ஒண்ணே ஒண்ணுதான். அதத்தான் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். தெனம் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடுவீங்க. மழ தூறுனாலும் எடுத்துட்டு வருவீங்க. ஒருநாளு விட்டதில்ல. அன்னைக்கு மட்டும் ஏன் விட்டீங்க? மறந்துட்டீங்களா?”

ஆமாம் என்றால் போதும். அவ்விடையை ராசம்மாளே எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தார். இராஜாங்கம் தம்மையறியாமல் தலையை மேலும் கீழும் அசைத்தார். வைரக்கண்ணு என் பக்கம் திரும்பவே இல்லை. கூப்பிய கைகளைக் கீழே விட்டார்.

“மறக்கல ராசம்மா. பேப்பர் பஸ்ஸு வந்துடுச்சு. லிம் ஜெயிச்சானான்னு தெரிஞ்சுக்கணும். கொடிய நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டுட்டு ஓடினேன்.”